நீல டிக் மட்டும் போதவில்லை

அன்பு மகள் செரினாவுக்கு,

சிங்கப்பூர் மார்சிலிங்கிலிருந்து அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஜெர்மனியில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். தாளில் எழுதுகிறேன், ஏனென்றால் ஃபோனில் அனுப்புவதற்கு நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை.

முழங்கால் பரவாயில்லை. சாங்கி விமான நிலையத்தில் கார்கோ வேலை அப்படியே போகிறது, இந்த மாதம் பகல் ஷிஃப்ட். அம்மாவின் கறிவேப்பிலைச் செடியில் வெள்ளைப் பூச்சி, பக்கத்து வீட்டு முஆத் ஏதோ மருந்து தெளித்துத் தந்தார். உன் காமா கதிர் வெடிப்புச் செய்திகள் இன்னும் என் ஃபோனுக்கு வருகின்றன. விண்வெளித் தொலைநோக்கி எதையாவது பிடித்ததும் முதலில் இயந்திரமே அனுப்பும் எச்சரிக்கை, பிறகு பணியில் இருப்பவர் எழுதும் அறிக்கை. அந்த அறிக்கையில் உன் பெயர் இருந்தால் சரி, பிள்ளை எழுந்துவிட்டாள், வேலையில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். மற்றது எதுவும் எனக்குப் புரியாது. ஈஸ்டருக்குப் பிறகு உன் பெயர் இல்லை. வேறு யாரோ எழுதுகிறார்கள். ஜி.ஆர்.பி. என்று தொடங்கும் அந்த வெடிப்பின் பெயரை நகல் எடுத்து உனக்கு அனுப்பி, பார்த்தாயா, சாப்பிட்டாயா என்று கேட்கிறேன். நீ முன்பே பார்த்திருப்பாய் என்று தெரியும். வேறு என்ன சொல்லிப் பேச்சைத் தொடங்குவது?

அதனால் ஒரு கூத்து நடந்துவிட்டது. மாதா மாதம் அம்மாவின் ஆன்மாவுக்காகப் பூசைக் கருத்துக் கொடுக்கிறேன் அல்லவா, இப்போதெல்லாம் கோயில் அலுவலகத்து லியோனலுக்கு வாட்ஸ்அப்பில் பெயரை அனுப்பினால் போதும். கண்ணாடி போடாமல், கடைசியாக நகல் எடுத்ததை ஒட்டி அனுப்பிவிட்டேன். ஞாயிறு தமிழ்ப் பூசையில் அம்மா பெயர் வர வேண்டிய இடத்தில் லியோனல் மைக்கில் நிதானமாக வாசித்தார், ஜி.ஆர்.பி. என்று தொடங்கி தேதி எண்களெல்லாம் சொல்லி, அவர்களின் ஆன்மா இளைப்பாற என்று. எல்லாரும் மன்றாடினார்கள். நானும்தான். பின்வரிசை ஜெனிவீவ் அக்கா வெளியே வந்து, "யாரு லாசரஸ் அது, ஒங்க ஊர்க்காரரா?" என்றார். "ரொம்பத் தூரம்க்கா, செத்து ரொம்ப காலமாச்சு" என்றேன். பொய்யில்லை, பெரிய நட்சத்திரம் சாகும்போதுதான் இப்படி வெடிக்கும் என்று நீதான் சொன்னாய். லியோனல் பின்னாலேயே ஓடிவந்து, "அங்கிள், சாரி லா, ஏதோ சிஸ்டர்ஸ் மடத்து பேரச் சுருக்கி அனுப்பியிருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றார். சிரித்துவிட்டேன். பஃபலோ ரோடு காய்கறிக் கடைகள் வரை சிரிப்பு இருந்தது. பிறகு, வீட்டுக்குப் போய் இதை உன் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அங்கே நின்றுவிட்டேன். காய்கறிக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

ஒருமுறை வீடியோவில் நீ விளக்கினாய், அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டே கேட்டாள். பூமியின் காற்று அந்தக் கதிர்களை உள்ளே விடாது, அதனால் கருவிகள் மேலே இருக்க வேண்டும். ஒரே கருவி பார்த்தால் வெடித்தது தெரியும், வானத்தில் எங்கே என்று சரியாகத் தெரியாது. தூரத்தில் இருக்கும் இன்னொன்றும் பார்த்திருந்தால், எந்தக் கருவிக்கு முந்தி வந்தது என்று ஒப்பிட்டு இடத்தைச் சுருக்கலாம். அம்மா சொன்னாள், "நாங்க ரெண்டு பேரும் ஒன்ன அப்படித்தான் பாத்துக்கிட்டிருக்கோம்." உண்மை. நீ ஃபோனை வைத்ததும் அவள், மூக்கடைப்பு இல்லை, அழுதிருக்கிறாள் என்பாள். நான், குரல் எதிரொலிக்கிறது, அறை மாறியிருக்கிறாள் என்பேன். இரண்டையும் சேர்த்தால் நீ எங்கே, எப்படி என்று ஓரளவு தெரிந்துவிடும். இப்போது நான் ஒருவன். நீல டிக் விழுகிறது. நீ இருக்கிறாய் என்று தெரிகிறது. அவ்வளவுதான் தெரிகிறது. உடம்பு சரியில்லையா, வேலை போய்விட்டதா, அம்மா இல்லாத வீட்டுக்குப் பேசப் பிடிக்கவில்லையா? எதுவாக இருந்தாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். திரும்பி வர நினைத்தால் உன் அறை அப்படியே இருக்கிறது, இஸ்திரிப் பலகையை மட்டும் அங்கே வைத்திருக்கிறேன், எடுத்துவிடலாம்.

குளிருக்குக் காதை மூடிக்கொள். ரொட்டியிலேயே நாளை ஓட்டாதே. மாதா உன் கூடவே இருந்து உன்னைக் காக்கட்டும், அம்மாவின் ஆசீரும் என் ஆசீரும் உனக்கு எப்போதும் உண்டு.

மறக்காதே, அடுத்த மாதம் முதல் ஞாயிறு அம்மாவின் வருஷப் பூசை. இந்தத் தடவை பெயரைக் கையால் எழுதி லியோனலிடமே கொடுத்துவிட்டேன். உன் ஃபோனை எப்போதும் மௌனத்தில் வைத்திருப்பாய், வெடிப்பு எச்சரிக்கை மட்டும் அதையும் மீறி ஒலிக்கும் என்றாயே, அந்த அனுமதியை என் எண்ணுக்கும் கொடு. அடிக்கடி கூப்பிட மாட்டேன். பூசை தொடங்கும் முன் எல்லாரும் ஃபோனை அணைப்பார்கள். அன்று நான் அணைக்கப்போவதில்லை. நடுப்பூசையில் ஒலித்தாலும் ஒலிக்கட்டும், எழுந்து வெளியே வந்து பேசுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
லாசரஸ்