இடது பக்கம் நின்றவன்

அக்டோபர் 20, திங்கள்

காப்பி போடும்போதே டிவியில் ஆரம்பித்துவிட்டார்கள். ஆர்வின் பாடிஸ்ட் எலீட்டா, இல்லையா? கோட்டு போட்ட நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து என் புருஷனை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கிறார்கள். ஓட்டம் இருக்கிறது, கை இருக்கிறது, அமெரிக்கக் கால்பந்தில் ஓடிப்போய்ப் பந்து பிடிக்கும் ரிசீவர்களில் நல்லவன்தான். ஆனால் உச்சத்தில் இருக்கும் அந்த ஐந்தாறு பேரோடு இவனைச் சேர்க்க முடியுமா?

எலீட். எனக்கு அது ஏதோ சோப்பின் பெயர் மாதிரி இருக்கிறது. ஆர்வினுக்கு அப்படி இல்லை. இந்த அணிக்கு வந்த நாளிலிருந்து அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறான். இது ஒப்பந்தத்தின் கடைசி வருஷம் வேறு. வயது முப்பது. இந்த ஆட்டத்தில் முப்பது என்றால் கிழவன்.

நேற்று மழையில் ஆடியபோது எவனோ ஒருவனின் விரல் ஹெல்மெட் கம்பிக்குள் புகுந்து இடது கண்ணில் குத்திவிட்டது. ஐஸ் வைத்துக்கொண்டு படுத்தான். காலையில் கண் மிளகாய்ப்பழம். உப்பு டப்பாவை எறிந்து பார்த்தேன். பிடித்தான். ஆள் நன்றாகத்தான் இருக்கிறான்.

எங்கள் வீட்டில் எதையும் கையில் கொடுக்கும் பழக்கம் இல்லை. சாவி, சோப்பு, குழந்தையின் செருப்பு, எல்லாம் பறந்துதான் போகும். அவன் அம்மா ஆரம்பித்து வைத்தது. கல்யாணமான புதிதில் லூசியானாவில் அவர்கள் சாப்பாட்டு மேசையில் நான் அவனுக்கு ரொட்டியை எடுத்துக் கையில் கொடுத்தேன். ஓடெல் அத்தை சிரித்துவிட்டார். "கையில குடுக்குறதெல்லாம் விருந்தாளிக்கும்மா. நீ நம்ம வீட்டுப் புள்ள. எறி."

அக்டோபர் 23

சிவப்பு இறங்கிவிட்டது. அணி டாக்டரும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றாராம்.

நவம்பர் 9, ஞாயிறு

ஜெயித்தார்கள். ஆர்வின் ஆடியது அழகு. டிவிக்காரர்கள் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் ஆர்வின் வரிசையின் இடது ஓரத்திலேயே நிற்கிறான், அது பயிற்சியாளர் ஹோலிஸின் மூளை என்று ஒரே பாராட்டு. முன்பு இரண்டு பக்கமும் மாறி மாறி நிற்பான். எனக்கென்ன, எங்கே நின்றால் என்ன, பிடித்தால் சரி.

அத்தை போன் செய்தார். மகன் எத்தனை பந்து பிடித்தான் என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை.

"என் புள்ள ஏன் அந்தப் பக்கமே நிக்கிறான்? சின்ன வயசுல வலது பக்கம் குடுக்கலைன்னா அழுவானே."

கோச் சொன்னபடி நிற்கிறான் அத்தை என்றேன். ம்ம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்த ம்ம் எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 19

அத்தை தோட்டத்துக் கமலா ஆரஞ்சு ஒரு பெட்டி வந்தது. இந்தக் குளிர் ஊரில் அதைத் திறந்ததும் சமையலறையே வேறு ஊராகிவிடுகிறது.

நியா ஒரு பழத்தை எடுத்து அப்பாமேல் எறிந்தாள். நாலு வயதுக் குழந்தை எறிகிற எறி. அது நேரே போய் அவன் இடது காதில் பட்டது. துள்ளிவிட்டான். பிறகு சும்மா நடித்தேன் செல்லம் என்று அவளைத் தூக்கிக் கொஞ்சினான். அவள் சிரிக்கவில்லை.

"நடிக்கல. நீ பாக்கவே இல்ல."

நவம்பர் 20

செய்யக்கூடாததைச் செய்தேன். செய்துதான் தீரவேண்டியிருந்தது.

காலையில் அவன் மேசையில் உட்கார்ந்து முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இடது பக்கம் போய் நின்று, ஒரு பழத்தை அவன் இடது காதை ஒட்டிப் போகும்படி எறிந்தேன். தூங்கும்போது எறிந்தாலும் பிடிக்கிற ஆள். பழம் அவனைத் தாண்டிப்போய் ஃப்ரிட்ஜில் மோதி விழுந்தது. சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினான், அதுவும் ஃப்ரிட்ஜ் பக்கம். நான் எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை அவனுக்கு.

என்ன விழுந்தது என்று கேட்டான். பழம் என்றேன். என் குரல் வந்த பிறகுதான் தலையை முழுசாகத் திருப்பி என்னைப் பார்த்தான். நான் எறிந்தேன் என்பது அப்போது அவனுக்குப் புரிந்தது. முட்டையை அப்படியே வைத்துவிட்டுப் பயிற்சிக்குக் கிளம்பிப் போய்விட்டான்.

நவம்பர் 21

சொல்லிவிட்டான். காரேஜில், காருக்குள் உட்கார்ந்தபடி. நியாவுக்குக் கேட்கக் கூடாதாம்.

"இடது ஓரத்துல கருப்பா ஒரு திரை மாதிரி, ஷெரி. மொதல்ல கொஞ்சூண்டு இருந்துச்சு. இப்போ பாதிக்கு வந்துருச்சு."

டாக்டர் பார்த்த நாளில் திரை இல்லையாம். வந்த பிறகு யாரிடமும் சொல்லவில்லை. இடது ஓரத்தில் நின்றால் பந்து வலது பக்கமிருந்துதான் வரும், இடப்பக்கம் எல்லைக்கோடு, அங்கிருந்து எவனும் வந்து மோதமாட்டான். அதனால்தான் ஹோலிஸிடம் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டானாம். மூளையாம், பாராட்டாம்! பாவி, ஒரு கண்ணை வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருக்கிறாயா நீ? காட்டுக் கத்தல் கத்தினேன். கார் கண்ணாடி ஏற்றியிருந்தது, நல்லவேளை.

அவன் திருப்பிக் கத்தவில்லை. அதுதான் தாங்கவில்லை.

நவம்பர் 24, திங்கள்

யாருக்கும் எங்களைத் தெரியாத பக்கத்து ஊரில் கண் டாக்டர். நடுவயதுப் பெண்மணி, ஆட்டம் பார்க்காதவர். கண்ணுக்குள் விழித்திரை கிழிந்து உரிந்துகொண்டு வருகிறதாம். நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கிறது, அதுவரை நல்லது, உடனே ஆபரேஷன் செய்தால் பார்வையைக் காப்பாற்றிவிடலாம் என்றார். காத்திருந்தால்? ஒரு மோதல் போதுமாம்.

ஆபரேஷன் செய்தால் இந்த வருஷம் அவ்வளவுதான். திரும்பி வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தான். வருகிற ஞாயிறு இரவு ஆட்டத்தை நாடே பார்க்கும். எதிரணியில் இவனைத் தடுக்க நிற்பவன், எல்லோரும் எலீட் என்று ஒப்புக்கொண்டவன். அவன் கண்முன்னால் ஒரு நல்ல ஆட்டம் ஆடிவிட்டால் போதும், அப்புறம் எவனும் வாய் திறக்கமாட்டான் என்றான். குருடனாகிப்போனால் நீ பிடித்ததை நீயே பார்க்கமாட்டாயடா என்றேன்.

நவம்பர் 27, நன்றி நாள்

வான்கோழி, அத்தை சொன்னபடி கம்போ குழம்பு, சர்க்கரைவள்ளிப் பணியாரம். அவன் நியாவோடு ஆடினான், பாடினான். பாத்திரம் கழுவும்போது என் பின்னால் வந்து நின்று தோளில் தாடையை வைத்துக்கொண்டான்.

"ஒரே ஒரு ஞாயித்துக்கெழம, ஷெரி. திங்கக்கெழம காலைல நீ எங்க கூப்டாலும் வர்றேன். என்னைக் காட்டிக்குடுத்துராத."

தலையாட்டினேன். பொய்யாக ஆட்டினேனா? தெரியவில்லை. அந்த நேரத்தில் நிஜமாகத்தான் இருந்தது.

நவம்பர் 28

தூக்கமே இல்லை. அவனை யாரென்று நினைக்கிறேன் நான், குழந்தையா? அவன் கண், அவன் உழைப்பு. பத்து வயதிலிருந்து அவன் வேறு எதையுமே கேட்டதில்லை. எனக்கு என்ன உரிமை?

ஆனால் அந்தப் பழம் அவன் காதை ஒட்டிப் போனதே. அவன் சிமிட்டக்கூட இல்லையே.

நவம்பர் 29, சனி

காட்டிக்கொடுத்துவிட்டேன்.

அவன் குளிக்கும்போது ஹோலிஸுக்குப் போன் செய்தேன். கோச், ஆர்வினுக்கு இடது கண் தெரியவில்லை என்றேன். அதான் இடது பக்கம் கேட்டானா என்றார் மெல்ல. நல்ல காரியம் செய்தாய் என்று வேறு சொன்னார். யார் கேட்டார்கள் அந்தச் சான்றிதழை?

மதியம் அவனைக் கூப்பிட்டு, பரிசோதித்து, ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்தான். நான் வாசலிலேயே நின்றிருந்தேன். கத்துவான், எதையாவது உடைப்பான் என்று காத்திருந்தேன். எப்போதும் காரிலிருந்து இறங்கும்போதே சாவியை என்மேல் எறிவான். இன்று நடந்து வந்து, என் கையைப் பிடித்து விரித்து, சாவியை உள்ளங்கையில் வைத்தான். "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு ஆபரேஷனாம்" என்றான். உள்ளே போய்விட்டான்.

நவம்பர் 30, ஞாயிறு

ஆபரேஷன் முடிந்தது. கண்ணுக்குள் காற்றுக்குமிழி விட்டிருக்கிறார்கள், அது விழித்திரையை அழுத்திப் பிடிக்க அவன் குப்புறவே கிடக்க வேண்டுமாம், பல நாள். முகத்துக்கு ஓட்டை வைத்த மெத்தை.

டிவியைப் போடச் சொன்னான். வேண்டாம் என்றேன். போடு என்றான். தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அவன் இடத்தில் நின்றது புதுப் பையன். கடைசி நிமிடத்தில் ஒரு பந்து, நான் பார்த்தேன், ஒற்றைக் கையில் பிடித்தான். அரங்கமே எழுந்து நின்றது. வர்ணனைக்காரர் சொன்னார், இந்தப் பையன் எலீட் ஆகப் போகிறான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று.

எட்டு வருஷம் ஆடியவனுக்குச் சொல்லாததை ஒரு ராத்திரி ஆடியவனுக்குச் சொன்னார்கள். மெத்தை ஓட்டைக்குக் கீழே தரையில் ஒரு துளி விழுந்தது. கண்ணில் போட்ட மருந்து என்று வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 14

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. டிவி மேசையில் அவனுக்கு ஒரு நிமிஷம் கொடுத்தார்கள். நல்ல ஆட்டக்காரன், எலீட் இல்லை, அடுத்த செய்தி.

மார்ச் 3

பார்வை கிட்டத்தட்ட முழுசாகத் திரும்பிவிட்டது. டாக்டருக்கே சந்தோஷம். உங்கள் மனைவிக்குத்தான் நீங்கள் நன்றி சொல்ல வேண்டும் என்றார். சொன்னான். நர்ஸுக்குச் சொல்வது போல.

ஏப்ரல்

அத்தை வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனார். அவன் எனக்கு உப்பு டப்பாவைக் கையில் எடுத்துக் கொடுப்பதை முதல் வேளையிலேயே கவனித்துவிட்டார். மகனிடம் ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

"அவங்கப்பாவும் இப்புடித்தான். சத்தம் போடமாட்டாரு. சத்தம் போட்டா ஆறிடும்மா."

ஆகஸ்ட் 11

வேறொரு அணி கூப்பிட்டு ஓட விட்டுப் பார்த்தது. நன்றாக ஓடினானாம், எல்லாப் பந்தையும் பிடித்தானாம், இரண்டு பக்கமும். முப்பத்தொன்று என்றார்களாம். சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம்.

அனுப்பவில்லை.

செப்டம்பர் 13

சண்டை போடப் பார்த்தேன். திட்டு, என்னைத் திட்டித் தொலை, அந்த ஞாயிற்றுக்கிழமையை நான்தானே பிடுங்கினேன் என்று அவன் எதிரில் போய் நின்றேன். நீ செய்ததுதான் சரி என்றான். நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறான். அதற்கு மேல் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

நவம்பர் 22, ஞாயிறு

கமலா ஆரஞ்சுப் பெட்டி வந்தது. ஆர்வின் மேசையில் உட்கார்ந்து நியாவின் ஷூ நாடாவில் விழுந்த முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான். டிவியில் அந்தப் பையனைப் பற்றி ஓடிக்கொண்டிருந்தது, எலீட்டா, அல்லது போன வருஷம் ஏதோ அதிர்ஷ்டமா என்று.

நியா ஒரு பழத்தை எடுத்தாள். வேண்டுமென்றே இடது பக்கம் போய் நின்றாள், நான் பார்த்தேன். நிறுத்தலாம் என்று வாயைத் திறப்பதற்குள் எறிந்துவிட்டாள். இந்த ஒரு வருஷத்தில் அவள் கை நன்றாக வளர்ந்திருக்கிறது, பழம் வேகமாகப் போனது. அவன் முடிச்சிலிருந்து தலையை எடுக்கவில்லை. இடது கை மட்டும் எழுந்து, காதுக்கு ஒரு சாண் தள்ளிப் பழத்தைப் பிடித்தது. சத்தமே இல்லை. அந்த நாலு கோட்டுக்காரர்களையும் என் சமையலறைக்கு இழுத்து வந்து காட்ட வேண்டும்போல் இருந்தது. அழுகை வந்துவிட்டது எனக்கு, அடக்கிக்கொண்டேன்.

அவன் பழத்தை உரித்தான். பாதியை நியாவுக்கு எறிந்தான். அவள் பிடித்துவிட்டுக் கூத்தாடினாள். மீதிப் பாதியை எடுத்துக்கொண்டு எழுந்து, மேசையைச் சுற்றி என்னிடம் வந்து, என் கையில் கொடுத்தான்.

நன்றி என்றேன்.