ஷட்டரை இறக்கிவிட்டு ஓட்டிய மில்

அக்கா,

இன்று உங்கள் பதினாறாம் நாளுக்கு வந்திருந்தவர்கள்: உங்கள் மகள், மருமகன், மில் களத்தில் உங்களோடு நெல் துழாவிய இருவர், நான், என் வீட்டுக்காரர். வாசலுக்கு வெளியே, செருப்பைக் கழற்றாமல், உங்கள் தம்பி. எந்த மில்லிலிருந்தோ நெல் அவிக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது.

அன்றைக்கும் இதே வாசனைதான். இடஒதுக்கீட்டுப் போராட்டம். சங்கராபுரம் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். உங்கள் தெரு ஆண்கள் எல்லாரும் அங்கே. ஊறிய நெல் கெட்டுவிடும் என்று முதலாளி ஷட்டரை இறக்கிவிட்டு மில்லை ஓட்டினார். உள்ளே நீங்களும் உங்கள் தெருப் பெண்கள் சிலரும், என் வீட்டுக்காரரும். என் வீட்டுக்காரரின் வலது கை மெஷின் பெல்ட்டில் சிக்கிப் போனது.

இழப்பீடு கேட்டோம். அன்று மில் மூடியிருந்தது, வேலையே நடக்கவில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். மனு தள்ளுபடி. மறுபடி விசாரிக்கச் சாட்சி வேண்டும் என்றார் எங்கள் வக்கீல். உள்ளே வேலை செய்த ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மறியல் நாளில் வேலைக்குப் போனதைச் சொந்தத் தெருவில் எப்படி ஒப்புக்கொள்வார்கள்? உங்கள் தம்பியோ அந்த மறியலில் ஜெயிலுக்கே போய் வந்தவர். அதனால் உங்களை நான் கேட்கவே இல்லை. நீங்களாகத்தான் வந்தீர்கள்.

“இன்னா புள்ள, துஆ கேட்டுக்கினே குந்திகினு இருந்தா சாட்சி வானத்துலேர்ந்து எறங்குமா? கோர்ட்டுக்கு எந்த பஸ்ஸுன்னு சொல்லு.”

விசாரணையில் முதலாளியின் வக்கீல் சிரித்தார். “தம்பி ரோட்டுல மரம் சாய்க்கிறான், நீ உள்ளே நெல்லு துழாவினியாக்கும்?”

“ஆமாங்க. அவன் ரோட்டுல இருந்தான், நான் மில்லுல இருந்தேன். வூட்ல ஒல வைக்கணும் இல்லீங்களா?”

எங்களுக்குத் தொகை வந்தது. உங்களுக்குக் களத்து வேலை போனது. அன்று உங்களோடு பேச்சை நிறுத்திய தம்பி கடைசிவரை பேசவில்லை. “கோவம் கம்மியானா வருவான் புள்ள” என்பீர்கள். ஒவ்வொரு தொழுகையிலும் அவர் வர வேண்டும் என்று அல்லாஹ்விடம் கேட்டுக் கேட்டு நான் ஓய்ந்துபோனேன். இன்றும் என் வீட்டுக்காரருக்குச் சோறு பிசையும்போதெல்லாம், எங்களால் உங்களை விட்டுப்போன உங்கள் தம்பி ஞாபகம்தான் வருகிறது.

இன்று எல்லாரும் கிளம்பியதும் உங்கள் தம்பி என்னிடம் வந்தார். “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே பஸ் ஏத்தி வுட்டிருப்பேன். ஏம்மா கேக்கல அவ?”

ஏற்றிவிட்டிருப்பாரா? எனக்குத் தெரியவில்லை அக்கா. நீங்கள் ஏன் கேட்கவில்லை என்பதும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை என் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்காரச் சொல்வேன். அதற்குப் பிறகு என்ன சொல்ல? வெள்ளிக்கிழமைக்குள் எனக்குச் சொல்லிவிடுங்கள்.