இல்லாத காலுக்கும் "உணர்வு இயல்பு" எனப் பதிந்த அட்டை

அனுப்புநர்:
வேதியியலாளர், குடிநீர்ப் பரிசோதனைக் கூடம்
(ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவரின் மனைவி)

பெறுநர்:
திட்ட அலுவலர் அவர்கள்,
நீரிழிவுத் தடுப்பு, பராமரிப்புத் திட்டம்
(பொதுமக்கள், படைவீரர் குடும்பங்கள்)

பொருள்: என் கணவரின் பாதத்தைப் பார்க்காமலே பதிவு செய்தது – மறுபரிசோதனை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் பணியிலிருந்தபோது இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர்; செயற்கைக் கால் பொருத்தியிருக்கிறார். பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. தங்கள் முகாமுக்குத் தவறாமல் வருகிறார்.

2. கடந்த மூன்று முகாம்களிலும் அவருடைய அட்டையில் "இரு பாதங்களும் பார்க்கப்பட்டன, உணர்வு இயல்பு" என்று இருக்கிறது. அவர் காலணியைக் கழற்றவில்லை. யாரும் கழற்றச் சொல்லவுமில்லை. "கட்டைக் காலுக்கும் உயிர் வந்துடுச்சு, திரும்ப வேலைக்குக் கூப்பிடப் போறாங்க பாரு" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

3. இம்மாதம் 10ஆம் நாள் மாலை அவருடைய வலது காலணியை உதறினேன். சட்டைப் பொத்தான் ஒன்று விழுந்தது. காலையிலிருந்து அதன் மேல்தான் நடந்திருக்கிறார், அவருக்குத் தெரியவில்லை. பெருவிரலின் அடியில் அதன் வட்டம் பதிந்து தோல் உரிந்திருந்தது. இன்று அந்த இடத்தில் நீர் கசிகிறது.

4. மறுநாள் காலை அட்டையுடன் நான் மட்டும் தங்கள் அலுவலகம் வந்தேன். பதிவு எழுத்தர், "படைவீரர் வரிசையில இதுவரைக்கும் ஒரு புகார்கூட வந்ததில்லையே மேடம்" என்றார். வராததுதான் என் சந்தேகம். யார் கேட்டாலும் "நல்லா இருக்கேன் சார்" என்று சொல்லியே பழகியவர்கள் நிற்கும் வரிசை அது. பிறகு அவர் அட்டையை வாங்கி, ஐந்தே நிமிடத்தில் திருத்திக் கொடுத்தார்: "இடது பாதம் இல்லை. வலது பாதம், உணர்வு இயல்பு." அந்த நேரத்தில் என் கணவர் வீட்டில் இருந்தார்.

5. அன்று பிற்பகல் அவரைப் பாத சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போனேன். அட்டையில் குறை பதிந்திருந்தால்தான் சேர்ப்பார்களாம். "இயல்பு" என்ற சொல்லைப் பார்த்ததும் வாசலிலேயே திருப்பிவிட்டார்கள்.

6. மாதிரி நீர் வராமலே முடிவு எழுதுவதற்கு எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பெயர் உண்டு. அதை இங்கே எழுதவில்லை. மற்றவர்களின் அட்டைகள் எப்படி நிரம்பின என்பதைத் தாங்கள்தான் பார்க்க வேண்டும்.

நாளை காலை ஒன்பது மணிக்கு அவரைத் தங்கள் அலுவலகத்துக்கு அழைத்து வருகிறேன். காலணியை நானே கழற்றுகிறேன். மருத்துவர் ஒருவர் அந்தப் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, கண்டதை எழுதித் தர வேண்டும். என் கணவருக்கு மிச்சமிருப்பது அந்தப் பாதம் ஒன்றுதான். "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று பதில் அனுப்புவதாயிருந்தால், பாதத்தைப் பார்த்தவர் யார் என்பதையும் அதில் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: அட்டை நகல்கள் (பழையது, திருத்தியது), பொத்தான் ஒன்று.

இடம்: பரிசோதனைக் கூடக் குடியிருப்பு
நாள்: மார்ச் 12

இப்படிக்கு,
(ஒப்பம்)
மனுதாரர்