டிவி கேம் திருவிழா, நான்காம் ஆண்டு

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
8 ஜூன் 2025

அன்புள்ள பிரகாஷ்,

நான் நலம். காரைக்காலில் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் ஐந்தாவது நிமிஷம் சண்டை வருகிறது, ஆறு மாதம் கடிதம் எழுதிப் பாருங்கள் என்று கவுன்சலிங் மேடம் சொன்னாரே, அதற்காக உட்கார்ந்தேன். பத்து வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது.

அத்தை ஞாயிறு பூசை முடிந்ததும் இங்கே வந்துவிடுகிறார். மீன் குழம்பில் புளி போதவில்லை என்கிறார். இரண்டு முறை வாங்கிச் சாப்பிடுகிறார். பெற்ற பிள்ளையான உங்களைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. அதற்காகவே அவரைப் பிடிக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பழைய டிவி கேம்களை எல்லாரும் வந்து ஆடும் நம் விழாவை இந்த வருஷம் நான் நடத்தப்போகிறேன். செப்டம்பர் பதினான்கு, ஞாயிறு. மாதா கோயில் ஹாலைப் பங்குச் சாமியார் தருகிறேன் என்றுவிட்டார். மூன்று வருஷம் சேர்ந்து நடத்தினோம், நீங்கள் போனதோடு அதுவும் போகட்டும் என்றுதான் இருந்தேன். போன வாரம் பெரிய மார்க்கெட்டில் பூக்கடை பூவிழி என்னை நிறுத்தி, "இன்னாக்கா, இந்த வருசம் இல்லையா? டாங்கி சண்டை கேம்ல நான் பன்னண்டாவது கட்டத்துல நிக்கிறேன்" என்றாள். வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். பதினோரு கேம் பெட்டிகளும் நீங்கள் வைத்தபடியே இருக்கின்றன. கேட்காமல் எடுக்க மனம் வரவில்லை. எடுத்துக்கொள்ளட்டுமா? டப்பா டிவிகளை அரிகிருஷ்ணன் அண்ணனிடம் நானே போய் இரவல் கேட்டால் தருவாரா என்றும் எழுதுங்கள்.

கார்குழலி


காரைக்கால்
19 ஜூன் 2025

குழலிக்கு,

கடிதம் கிடைத்தது. வேலை பரவாயில்லை. துறைமுகத்தில் எலக்ட்ரீஷியனுக்கு உட்கார நேரமில்லை. மெஸ் சாப்பாடு சகிக்கவில்லை.

பெட்டிகளைத் தாராளமாக எடுத்துக்கொள். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், கோபப்படாதே. உன்னால் தனியாக முடியாது. பன்னிரண்டு டிவி, நூற்றைம்பது பேர். ஒரு கேம் கேசட் ஓடவில்லையென்றால் எல்லாரும் உன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். எதற்கு உனக்கு இந்தத் தலைவலி? விட்டுவிடு.

கேட்டதால் எழுதுகிறேன். டிவி எல்லாம் நெல்லித்தோப்பில் அரிகிருஷ்ணன் அண்ணனின் ரிப்பேர் கடையுடையவை. என்னைத் தவிர வேறு யாருக்கும் அவர் தரமாட்டார்.

பிரகாஷ்


புதுச்சேரி
13 ஜூலை 2025

அன்புள்ள பிரகாஷ்,

பெட்டிகளைத் தந்ததற்கு நன்றி. விட்டுவிடு என்றதற்கு நன்றி சொல்ல முடியவில்லை.

நெல்லித்தோப்புக்குப் போனேன். நீங்கள் எழுதியதைச் சொன்னதும் அரிகிருஷ்ணன் அண்ணன் சிரித்தார். "அவன் வாங்கினு போவான்மா. தொடச்சி, வயரைச் சுத்தி, திருப்பிக் கொண்ணாந்து வெக்கிறது நீதான? ஒனக்குத் தராம யாருக்குத் தரப்போறேன்" என்றார். பன்னிரண்டும் தருகிறார். அடுத்த தெரு ரூபி, பிரான்சிலிருந்து அவள் சித்தப்பா கொண்டுவந்த கேம் பெட்டி ஒன்றைத் தருகிறாள். நம் டிவியில் போட்டால் கறுப்பு வெள்ளையாகத் தெரிகிறது. அதற்கு என்ன செய்வது?

இன்னொன்றும் எழுத வேண்டும். இதை எழுதாவிட்டால் இந்தக் கடிதங்களுக்கு அர்த்தமில்லை. போன வருஷம் விழா முடிவில் மேடையில் மைக் பிடித்து நன்றி சொன்னீர்கள். நான் வாசலில் டோக்கன் மேசையில் உட்கார்ந்திருந்தேன். நாற்காலிக்காரர், ஐஸ் வண்டிக்காரர், மேசைத் துணி கொடுத்தவர் என்று பதினேழு பேரைச் சொன்னீர்கள். அடுத்தது என் பெயர்தான் என்று எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டேன். நீங்கள் மைக்கை வைத்துவிட்டு இறங்கிவிட்டீர்கள்.

நாம் பிரிந்தது நவம்பரில் என்று மேடத்திடம் சொன்னோம். எனக்கு அது அன்றைக்கே நடந்துவிட்டது.

கார்குழலி


காரைக்கால்
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள குழலி,

உன் கடிதத்துக்கு இரண்டு வாரமாகப் பதில் எழுதவில்லை. முதலில் கோபம்தான். உட்கார்ந்து எண்ணிக்கொண்டா இருந்தாள் என்று நினைத்தேன். வீட்டு ஆளுக்கு யாராவது மேடையில் நன்றி சொல்வார்களா என்றும் நினைத்தேன். அப்புறம் போன வருஷ விழா வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். நாற்பது நிமிஷம் ஓடுகிறது. அதில் நீ மூன்று இடத்தில் வருகிறாய். ஒன்றில் டிவி தூக்கிக்கொண்டு போகிறாய். இன்னொன்றில் தண்ணீர் கேன். மூன்றாவதில் உன் கையில் துடைப்பம். மற்ற நேரமெல்லாம் நான் பேசிக்கொண்டே இருக்கிறேன். என் குரலை என்னாலேயே கேட்க முடியவில்லை, நிறுத்திவிட்டேன்.

மன்னித்துக்கொள். முடியாது என்று எழுதியதற்கும் சேர்த்து.

தெரிந்ததை எல்லாம் எழுதிவிடுகிறேன். நம் ஊர்க் கடல்காற்றில் கேசட்டின் அடியில் இருக்கும் செம்புப் பற்கள் கறுத்துவிடும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் பட்டு இன்னும் கெடும். பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாக அழித்தால் போதும். டிவியில் படம் உருண்டால் பின்பக்கம் ஒரு சின்னத் திருகு இருக்கிறது, அதை மெல்லத் திருப்பு. ரூபியின் பெட்டிக்குப் பிரான்ஸ் டிவிதான் சரிப்படும். கறுப்பு வெள்ளையிலேயே ஆடட்டும், மேலே ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிடு. என்னிடம் இருக்கும் வயர்களை எல்லாம் ஒரு பையில் போட்டு அனுப்புகிறேன்.

விழாவன்று நான் வரட்டுமா? வர முயற்சி செய்கிறேன்.

பிரகாஷ்


புதுச்சேரி
17 செப்டம்பர் 2025

அன்புள்ள பிரகாஷ்,

விழா நல்லபடியாக முடிந்தது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

காலை ஒன்பதரைக்கே வரிசை நின்றுவிட்டது. பதினொன்றேகாலுக்கு ஒரு மழை பிடித்தது, அதோடு கரண்ட் போயிற்று. பன்னிரண்டு டிவியும் ஒரே நேரத்தில் அணைந்தன. ஹாலில் நூற்று முப்பது பேர். நீங்கள் எழுதிய மாதிரியே எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு மூன்று பேர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

ஓடாத கேசட் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்குமே, அது ஞாபகம் வந்தது. எதிர்ப் பெட்டிக்கடைக்கு ஓடி, இருந்த ரப்பரை எல்லாம் வாங்கிவந்தேன். "கரண்ட் வர்ற வரைக்கும் ஆளுக்கு ஒண்ணு எடுத்துச் சுத்தம் பண்ணுங்க. யாரு தேச்ச கேசட் ஓடுதோ, அவங்கதான் முதல்ல ஆடலாம்" என்றேன். மைக் இல்லை, தொண்டையால்தான். பிரகாஷ், நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பேங்க் மேனேஜரும் ஆட்டோக்காரரும் ஜன்னல் வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து தேய்த்தார்கள். சாமியார்கூட ஒன்று தேய்த்தார். முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. முதலில் பூவிழியினுடையது ஓடியது. "யக்கா, எனுது வந்துட்ச்சி" என்று அவள் போட்ட சத்தம் மார்க்கெட் வரைக்கும் கேட்டிருக்கும். மூன்று வருஷமாக உயிரில்லாமல் கிடந்ததில் பத்தொன்பது கேசட் பிழைத்துக்கொண்டன.

முடிவில் பட்டியலோடு மேடை ஏறினேன். முதல் பெயர் உங்களுடையது. இந்தப் பெட்டிகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர், எனக்கு வயர் பற்றவைக்கக் கற்றுக்கொடுத்தவர் என்றேன். குத்திக்காட்டச் சொல்லவில்லை. எழுத உட்கார்ந்தபோது அதுதான் முதலில் வந்தது.

நாள் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை இருந்திருக்கும்.

கார்குழலி


காரைக்கால்
25 செப்டம்பர் 2025

அன்புள்ள குழலி,

நான் வந்திருந்தேன்.

சிதம்பரத்தில் பஸ் மாறி மூன்று மணிக்கு வந்து சேர்ந்தேன். எதிரில் டீக்கடைக்குள் மறைவாக நின்றேன். கதவு திறந்திருந்தது, உள்ளே எல்லாம் தெரிந்தது. ஓரத்து டிவியில் படம் உருண்டது. என் கால் தானாகத் தெருவில் இறங்கிவிட்டது. அதற்குள் நீ போய்ப் பின்பக்கம் குனிந்து சரிசெய்துவிட்டாய். திரும்பி யாரையும் பார்க்கவில்லை, அடுத்த மேசைக்குப் போய்விட்டாய். நான் உள்ளே வந்திருந்தால் அந்த டிவியை நான்தான் தொட்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் மைக்கும் என் கைக்கு வந்திருக்கும். எனக்கு என்னைத் தெரியும். அதனால் மறுபடி கடைக்கே போய் நின்றுகொண்டேன்.

ஸ்பீக்கரில் என் பெயர் கேட்டது. டீக்கடைக்காரர், "இன்னா சார், கண்ணுல தூசா?" என்றார். ஆமாம் என்றேன். ஆறு மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். இங்கே வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடட்டுமா? யோசித்து எழுது.

பிரகாஷ்


புதுச்சேரி
12 அக்டோபர் 2025

அன்புள்ள பிரகாஷ்,

யோசித்து எழுது என்றீர்கள். இரண்டு வாரம் யோசித்தேன். அத்தையிடமும் சொன்னேன். அவர் கையில் ஜெபமாலையை வைத்துக்கொண்டு, "நீ என்னா சொன்னாலும் நான் ஞாயித்துக்கிழமை இங்கதான் சாப்புடுவேன்" என்றார்.

வேண்டாம், பிரகாஷ். வராதீர்கள்.

கோபத்தில் எழுதவில்லை. கோபம் இருந்தவரைக்கும் நீங்கள் வர வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். ஆகஸ்டில் வந்த உங்கள் கடிதத்தில் அது தீர்ந்துபோயிற்று. அது தீர்ந்த பிறகு பார்த்தால், காத்திருப்பதும் நின்றுபோயிருந்தது. விழாவன்று வாசலைப் பார்த்தது உங்களைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ள இல்லை, காட்டுவதற்குத்தான். இது எனக்கே இப்போதுதான் புரிகிறது. காலையில் எழுந்ததும் இன்றைக்கு என்ன செய்யலாம் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். அது பழகிவிட்டது. அதை விட மனமில்லை.

மேடத்திடம் இருவரும் சேர்ந்தே போய்ச் சொல்லலாம். நல்ல மாதிரியாகத்தான் பிரிகிறோம் என்றால் நம்பமாட்டார். கடிதங்களைக் காட்டலாம்.

பத்து வருஷத்தில் எனக்குக் கிடைத்தது நிறைய. ஒரு பெட்டியைத் திறந்து உள்ளே பயப்படாமல் கை வைக்க உங்களிடம்தான் கற்றேன். தப்பென்று தெரிந்ததும் அதை எழுதிக் கொடுக்கிற ஆண்பிள்ளையையும் உங்களிடம்தான் பார்த்தேன். பெட்டிகள் உங்களுடையவை, எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். இங்கேயே இருக்கட்டும் என்றால் இன்னும் சந்தோஷம்.

அன்றைக்கு அவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி. உள்ளே வராமல் போனதற்கும்.

அன்புடன்
கார்குழலி