கரண்ட் இழுத்தது எது

பிளேஸ்டோ, லண்டன்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் சுகம், கோபம்தான் அடங்கவில்லை.

நான் வீட்டிலிருந்து வேலை செய்வதால் கரண்ட் பில் ஏறுகிறதென்று, வீட்டுக்கார ஸ்ரீஸ்கந்தராஜா அங்கிள் என் அறை ஹீற்றரை எடுத்துப் போய்விட்டார். விரல் விறைக்க வேலை செய்தேன். பிறகு, பிளக்கில் மாட்டி மின்சாரம் அளக்கும் சின்ன மீற்றர் ஒன்று வாங்கி, வீட்டில் எல்லாவற்றையும் அளந்தேன். என் கணினியைவிட அவருடைய பழைய பிரீசர் நாலைந்து மடங்கு இழுக்கிறது. காட்டினேன்.

“அந்த மீற்றரும் கரண்ட் இழுக்கும் பிள்ளை, கழட்டு” என்றார்.

“ஹீற்றரைத் தாங்கோ. இல்லாட்டி நான் போறன்.”

தரவில்லை. சனிக்கிழமை செவன் கிங்ஸ் என்ற இடத்தில் வேறு அறைக்குப் போகிறேன். கவலைப்படாதீர்கள்.

நீங்கள் சமைக்கும்போது எனக்குப் போன் எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். பேசத் தேவையில்லை, சத்தம் கேட்டால் போதும். மீற்றிங் தொடங்குகிறது.

சயந்தினி