சைக்கிள் மட்டும் போகும் பாதை

அன்புள்ள அக்கா,

போனில் சொன்னால் அப்பாவுக்குக் கேட்டுவிடும். நம் லயத்து ஒற்றை அறையில் ரகசியத்துக்கு ஏது இடம்? அதனால்தான் கடிதம்.

குளத்தைச் சுற்றிச் சைக்கிள் ஓட்டும் வெள்ளைக்காரர்களுக்காக ஹோட்டல்காரர்கள் நட்ட அம்புப் பலகையை, பெப்ரவரியில் நம் லயத்துப் பக்கம் திருப்பிவிட்டது நான்தான். சும்மா ஒரு கூத்துக்கு. மேட்டில் அவர்கள் நாக்குத் தள்ளச் சைக்கிளைத் தள்ளியதைப் பார்த்து அப்பாகூடச் சிரித்தார்.

ஆனால் அவர்களுக்கு நம் சரளைப் பாதை பிடித்துப்போனது. ஹோட்டல்காரர்கள் தேயிலைத் தோட்டத் துரையிடம் பேசி, ரோட்டு முனையில் கேட் போட்டுவிட்டார்கள். இனி சைக்கிள் மட்டும்தான், ஆட்டோகூட வரக்கூடாதாம்.

போன புதன் காலை அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. டினேஷ் அண்ணனின் ஆட்டோ கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றது. நாலு பேர் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு மைல் தூக்கிப் போனார்கள். எதிரே வந்த சைக்கிள்காரர்கள் ஏதோ திருவிழா என்று நினைத்துக் கைதட்டினார்கள். அப்பா கையைத் தூக்கி அவர்களை ஆசீர்வதித்தார்.

"பாத்தியா பாப்பா, எனக்குச் சப்பரம் கெடச்சிருச்சு."

டிக்கோயா ஆஸ்பத்திரியில் டாக்டர், "கொஞ்சம் வெள்ளன கொண்டாந்திருக்கலாமே" என்றார். இதயம் பாதிக்கு மேல் போய்விட்டதாம். நேற்று வீட்டுக்குக் கூட்டிவந்தோம். ஆசைப்பட்டதைக் கொடுக்கச் சொன்னார்கள். அப்பா ஆசைப்படுவது உன்னைப் பார்க்கத்தான்.

இன்று பலகையைப் பழையபடி திருப்பினேன். பிரயோசனமில்லை, எல்லோருக்கும் வழி பழகிவிட்டது. சரளையில் சைக்கிள் டயர் சத்தம் கேட்டால் அப்பா, "மூத்தவ ஆட்டோல வந்துட்டாளா?" என்கிறார்.

"எறங்கிக்கிட்டிருக்கா, இருங்க" என்கிறேன்.

கார்மெண்ட் ஃபாக்டரியில் கிறிஸ்மஸ் லீவு தரும்வரை காத்திருக்காதே. கேட்டிலிருந்து நடக்க வேண்டும், நல்ல செருப்பாகப் போட்டு வா.

இப்படிக்கு,
பலகையைத் திருப்பியவள்