சாவி மாற்றும் நேரம்

ஜூன் 4

அன்புள்ள குட்டி அப்பாவுக்கு,

போன்ல சொன்னா அரைத்தூக்கத்துல ‘ம்’ மட்டும்தான் வருது. அதான் எழுதி, டிரைவர் சீட்டுக்கு மேல வெயில் மறைப்புல செருகியிருக்கேன். ரொட்டி ஃபேக்டரி வாசல்ல நிறுத்தினதும் படிங்க.

இன்னிக்கும் சீட்டைக் கடைசிவரைக்கும் பின்னால தள்ளிட்டீங்க. எனக்கு பிரேக் எட்டல. கண்ணாடியில வானம்தான் தெரியுது. தினமும் இழுத்து இழுத்து என் இடுப்பு விட்டுப்போச்சு.

குட்டிக்கு இருமல் பரவாயில்லை. அப்பா எங்கேன்னு கிரெஷ்ல கேட்டதுக்கு ‘கார்ல’ன்னு சொன்னாளாம். வீட்டு வாசல்ல நாம சாவி மாத்துறப்போதானே உங்களைப் பார்க்கிறா.

சாப்பாட்டை மிச்சம் வைக்காதீங்க.

உங்கள்
குட்டியம்மா


ஜூன் 6

குட்டியம்மாவுக்கு,

சீட் விஷயம், தூக்கக் கலக்கம். மன்னிச்சுக்கோ.

நேத்து நீ டிராஃபிக்ல மாட்டி வந்து சேர்றதுக்குள்ள இங்கே வேலை ஆரம்பிச்சாச்சு. “உங்க வீட்டம்மா கார் கொண்டுவர்ற வரைக்கும் அடுப்பு காத்திருக்குமா?”ன்னு சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் கேட்டார். சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வெச்சேன். அடுத்த மாசம் நைட் ஷிஃப்ட் இன்னும் முன்னாடியே ஆரம்பிக்குது. இந்தப் பக்கம் பஸ்ஸும் கிடையாது.

இன்னொரு கார் வாங்கிடலாம். பழசு போதும். என்ன சொல்றே?


ஜூன் 7

என்னங்க,

நிறுத்த இடமில்லை, இன்ஷூரன்ஸ் வேற கட்டணும்னு ஒரு பக்கம் எழுதிக் கிழிச்சுப் போட்டேன். எல்லாம் நானே தேடிப்பிடிச்ச காரணம்.

நேரா சொல்லிடுறேன். இன்ஜினை அணைக்காம சாவி மாத்துற அந்தக் கொஞ்ச நேரம்தான் நாம முகம் பார்த்துக்கிறது. காலையில நீங்க இறங்கி நான் உட்கார்ந்தா சீட் சூடா இருக்கும். உங்க லீவு நாள் தூக்கத்திலேயே போயிடுது. இன்னொரு கார் வந்தா, நான் வர்றதுக்குள்ள நீங்க கிளம்பிடுவீங்க. நீங்க வர்றதுக்குள்ள நான் கிளம்பிடுவேன்.

அதுதான் பயம். வேலைக்கே ஆபத்துன்னா வாங்கிடுங்க. நான் ஒண்ணும் சொல்லல.

குட்டியம்மா


ஜூன் 25

வாங்கிட்டேன். சாம்பல் நிறம். பழைய வண்டி உனக்கு, குட்டியோட சீட் அதிலேயே இருக்கட்டும். நீ எழுதினதைப் படிச்சேன். போகப்போகப் பழகிடும். இனிமே நீ அடிச்சுப் பிடிச்சு ஓடிவர வேண்டாம்.


ஜூலை 29

அன்புள்ள குட்டி அப்பாவுக்கு,

போன வாரம் எழுதினதுக்குப் பதிலே காணோமேன்னு இருந்தேன். இன்னிக்கு வெயிலுக்கு மறைப்பை இறக்கினா என் மடியிலேயே விழுந்துச்சு. பழக்கதோஷம், என் வண்டியிலேயே செருகியிருக்கேன். அதுல ஒண்ணும் பெரிசா இல்லை. குட்டி செருப்பை அவளே மாட்டிக்கிறா, அவ்வளவுதான்.

கார்ல ஏறினதும் முன்சீட்டை எட்டிப் பார்த்தா. அப்பா வேற கார்ல இருக்கார்னு சொன்னேன். சரின்னா. அழல. நானும் அழல.

சீட் நான் விட்ட இடத்திலேயே இருக்கு. கண்ணாடியும் அப்படியே. ஏறினதும் கிளம்பிடலாம். சௌகரியமாத்தான் இருக்கு.

இதைச் சாப்பாட்டு மேஜையில வைக்கலாம். அங்கே வெச்சா கரண்ட் பில்லோட பில்லாக் கிடக்கும். திரும்ப என் வண்டி மறைப்பிலேயே செருகிடுறேன்.

என்னிக்காவது என் வண்டியை எடுக்க வேண்டி வந்தா, சீட்டை நல்லாப் பின்னால தள்ளிக்குங்க. அப்படியே விட்டுட்டு இறங்குங்க.

குட்டியம்மா